நாற்பத்தோரு ரூபாய்க்கு விளக்கம்

ஜங்லிகாட்,
போர்ட் பிளேர்.
ஏப்ரல் 11.

அனுப்புநர்: சோ. குழந்தைவேலு, முதுநிலை வரைவாளர் (ஓய்வு).

பெறுநர்: திரு. சிவபிரகாஷ், கணக்காய்வாளர், கோயம்புத்தூர்.

பொருள்: வைஜெயந்தி எஸ்டிமேட்ஸ் நிறுவனத்தின் ஆறு மாத வரவு ரூபாய் நாற்பத்தொன்று மட்டும் என்பது குறித்து விளக்கம் அளித்தல்.

பார்வை: தங்கள் வாட்சப் செய்தி, மார்ச் 26, மற்றும் அதன் முடிவில் இருந்த மூன்று கேள்விக்குறிகள்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் அத்தை, ஃபிரிட்ஜ் மூவரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். குழாயில் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு முறை வருகிறது. வரும் அன்று பெரிய மனிதர் யாரோ வந்ததுபோல் வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்கிறோம். அங்கே தாங்களும், என் மகள் வைஜெயந்தியும், பேத்தி மீனாவும், மீனாவுக்குப் புதிதாக முளைத்திருப்பதாகச் சொன்ன பல்லும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு இப்போது வேறு பெயர் பதிவாகியிருப்பது தாங்கள் அறிந்ததே. பழக்கத்தால் மேலே பழைய பெயரையே எழுதிவிட்டேன். பதிவு செய்த பெயர் ஒன்றாகவும் ஊர் கூப்பிடும் பெயர் வேறாகவும் இருந்தால் என்னென்ன நடக்கும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதமும் என்பதால், அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். தாங்கள் செய்து கொடுத்த ஏற்பாட்டின்படி வீட்டுப் போன் இப்போது நிறுவனத்தின் போன். அதற்கு வரும் செய்தியை முதலாளி முதலில் படிக்கிறார். பிறகு அவசியப்பட்டால் எனக்குக் காட்டுகிறார். முதலாளி யார் என்று நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பென்ஷன்காரர் பேர்ல வேண்டாம் மாமா, அத்தை பேர்ல இருக்கட்டும், பெண்களுக்குச் சலுகை உண்டு" என்று சொல்லிப் பதிவுப் படிவத்தில் மரகதம் என்று தட்டியது தாங்கள்தான். சலுகை அரசாங்கத்திடமிருந்து இன்னும் வரவில்லை. உங்கள் அத்தை காத்திருக்காமல் தானே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

தங்கள் செய்தி இதுதான்: "மாமா, ஆறு மாசத்துல கம்பெனிக் கணக்குக்கு வந்தது மொத்தம் 41 ரூபாய். அதுவும் ஒவ்வொரு ரூபாயா 41 தடவை. இது என்ன???" உங்கள் அத்தை இதை என்னிடம் காட்டி, "பதில் நீங்களே சொல்லிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கடையப் போய்விட்டாள். பதினைந்து நாள் யோசித்து இதை எழுதுகிறேன். எதையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் பழைய கதை. ஓய்வு பெற்ற இந்த எட்டு வருடத்தில் நூற்று நாற்பது வீட்டுக்கும் ஏழு மாட்டுக் கொட்டகைக்கும் பிளான் வரைந்து எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரைவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கட்டணம் கேட்பதுதான் எனக்கு வராது. முப்பத்தைந்து வருடம் மாதக் கடைசியில் ஒரு கையெழுத்துப் போட்டால் பணம் வந்துவிடும் இடத்தில் இருந்தவன் நான். ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து, எனக்கு நீ இவ்வளவு தர வேண்டும் என்று சொல்லிப் பழக்கமில்லை. அவர்கள் "எவ்வளவு சார்?" என்பார்கள். நான் "பாத்துச் செய்யுங்க" என்பேன். அவர்களும் என்னை நன்றாகப் பார்ப்பார்கள், பிறகு போய்விடுவார்கள். சிலர் தேங்காய் கொண்டு வருவார்கள். சிலர் சேவல். தாங்கள் அக்டோபரில் லீவில் வந்து இறங்கிய அன்று காலையில் ஒருவர் மூன்று படுக்கையறை வீட்டுக்கான கட்டணமாக ஒரு சுர்மை மீனைக் கொண்டு வந்து கொடுத்ததும், அதை அத்தை வறுத்துத் தங்களுக்கே பரிமாறியதும், தாங்கள் நான்கு துண்டு சாப்பிட்டுக் கை கழுவும்போது "மாமா, இது வருமானமா, அன்பளிப்பா?" என்று கேட்டதும் நினைவிருக்கும். நான் மீன் என்று சொன்னேன்.

அன்று மாலையே தாங்கள் உட்கார்ந்து விளக்கியதில் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு மனப்பாடம். தனி மனிதன் வேறு, தொழில் வேறு. வாடிக்கையாளர் பணம் தொழிலின் கணக்குக்குப் போக வேண்டும், சட்டைப் பைக்குப் போகக் கூடாது. சட்டைப் பைக்குப் போனால் அது வந்ததற்கும் ஆதாரமில்லை, போனதற்கும் ஆதாரமில்லை. நாளைக்கு ஒரு வங்கியோ ஓர் அலுவலகமோ கேட்டால் காட்ட ஒரு காகிதமாவது வேண்டும். எல்லாம் சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். பத்தே நாளில் தாங்கள் பதிவு, கரண்ட் அக்கவுண்ட், ரசீதுப் புத்தகம், வாசலில் மாட்ட போர்டு, ஒட்ட ஸ்கேன் பண்ணும் அட்டை, பணம் வந்தால் கத்தும் பெட்டி எல்லாம் வரவழைத்துவிட்டீர்கள். மனைவி மேல் இருக்கும் அன்பினால் நிறுவனத்துக்கு வைஜெயந்தி எஸ்டிமேட்ஸ் என்று பெயரும் வைத்தீர்கள். அங்கேதான் ஒரு சிறிய விஷயம் நம் இருவர் கவனத்துக்கும் வராமல் போயிற்று. ஜங்லிகாட்டில் வைஜெயந்தி என்று ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாது. பிறந்த நாளிலிருந்து கல்யாணமாகிக் கப்பல் ஏறும் வரை இங்கே அவள் பேபி. பள்ளிக்கூடத்தில்கூட டீச்சர் பேபி என்றுதான் கூப்பிட்டார்.

பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாற்பத்தோரு ரூபாய் அதிலிருந்து வந்ததுதான். உங்கள் அத்தை அதைச் சமையலறை அலமாரியில், மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். கரண்ட் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் தன் சொந்தக் கணக்கிலிருந்து நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் அனுப்புவாள். பெட்டிக்குள் பேசும் பெண், ஒரு ரூபாய் வந்தது என்று ஹிந்தியில், "ஏக் ருபயா ப்ராப்த் ஹுவா" என்பாள். அத்தை சரி என்று குக்கரை வைப்பாள். ஆக, தாங்கள் பார்த்த நாற்பத்தொன்றும் வரவல்ல. அக்டோபர் முதல் மார்ச் வரை ஜங்லிகாட்டில் கரண்ட் போன கணக்கு. சொல்லப்போனால் இவ்வளவு துல்லியமான கணக்கு வேறு எங்கும் இருக்காது.

மற்ற வரவு ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. போர்டு மாட்டிய நாலாம் நாள் மீன் வாங்கப் போனேன். படகு ஜெட்டிப் பக்கம் மீன் விற்கும் ஒச்சம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன சார், கடைசியில மெயின்லேண்ட் கம்பெனிக்காரி உங்கள எடுத்துக்கிருச்சாமே" என்றாள். யார் சொன்னது என்றேன். "ஊரே சொல்லுது. வைஜெயந்தின்னு யாரோ ஒரு பணக்காரியாம்ல. இனிமே நீங்க வரையிறதெல்லாம் அவளுக்குத்தானாம், உங்களுக்கு மாசச் சம்பளந்தானாம். மதியச் சோறாச்சும் போடுறாளா?" என்று கேட்டுவிட்டு, நான் வாங்கிய அரைக் கிலோவுக்கு மேல் இரண்டு மீனை எடுத்துப் போட்டு, "இது உங்களுக்கு. கம்பெனிக்கு இல்ல" என்றாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், மாப்பிள்ளை. என்னவென்று சொல்வது? பணக்காரியும் இல்லை, மெயின்லேண்டும் இல்லை, நான் என் மனைவியிடம்தான் சம்பளத்துக்கு இருக்கிறேன் என்றா? மீன் விற்கும் இடத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பேச்சு ஒச்சம்மாவிடம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகுதான் அதிசயம். மாயாபந்தர் முத்துவீரனைத் தங்களுக்குத் தெரியாது, விவசாயி. நாலு வருடத்துக்கு முன் மாட்டுக் கொட்டகைக்குப் பிளான் வாங்கிப் போனவர், அப்புறம் என்னைத் தெருவில் பார்த்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார். அவர் டிசம்பரில் தானாகவே வீடு தேடி வந்தார். வாசலில் போர்டைப் படித்தார். தலையை ஆட்டினார். என்னைத் தெருமுனைக்குக் கூட்டிப் போய், "நாலு வருசமா நான் குடுக்கலண்ணே, நீங்களும் கேக்கல. எங்கள மாதிரி ஆளுங்களாலதான் நீங்க இந்த வயசுல போய் கம்பெனியில மாட்டிக்கிட்டீங்க" என்று சொல்லி மூவாயிரம் ரூபாயை என் சட்டைப் பையில் திணித்தார். ரசீது தருகிறேன் என்றேன். "ரசீதா? ரசீது போட்டா அவளுக்குல்ல போவும்! அவளுக்கென்ன, ஏசிய போட்டுட்டுத் தூங்குவா. இது உங்களுக்கு" என்றார். அவள் என்று அவர் சொன்னது தங்கள் மனைவியை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படியே ஒவ்வொருவராக. பெங்காலி காண்ட்ராக்டர் ஒருவர் செய்தித்தாளுக்குள் மடித்து வைத்து, "சாப், கம்பெனி கோ மத் பதானா" என்று ஹிந்தியில் காதோடு சொன்னார், கம்பெனியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று. எட்டு வருடம் கேட்காமலும் கொடுக்காமலும் இருந்த பணம் என்னைப் பாவம் என்று நினைத்த மாத்திரத்தில் வரத் தொடங்கியது. டீக்கடையில் என்னிடம் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். நிறுவனம் ஆரம்பித்ததிலிருந்து எனக்குத் தனிப்பட்ட முறையில் வந்தது இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். நிறுவனத்துக்கு வந்தது நாற்பத்தொன்று. தாங்கள் சொன்ன வழியில் நடந்ததால்தான் இந்தப் பணம் வந்தது, ஆனால் தாங்கள் சொன்ன வழியில் வரவில்லை. இதைக் கணக்காய்வில் எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் சொல்லவும் தைரியமில்லாமல், பிளான் சுருட்டி வைக்கும் பழைய குழாயில் போட்டு மூடியைத் திருகி, பீரோ மேல் வைத்துவிட்டேன். ராத்திரி படுத்தால் குழாய் என் தலைக்கு நேர் மேலே இருந்தது. தூக்கம் வந்தது, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். வண்டூர் பழனியாண்டியால் மாட்டிக்கொண்டேன். அவர் இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறிக் கச்சால் தீவுக்கு வந்து, முப்பது வருடம் ரப்பர் பால் வடித்து, இப்போது வண்டூரில் கொஞ்சம் பாக்கு மரமும் ஒரு படகும் வைத்திருக்கிறவர். அவர் மகள் சித்ரா சுற்றுலா வருகிறவர்கள் தங்க இரண்டு அறை கட்டப் பார்க்கிறாள். கெட்டிக்காரப் பெண். வங்கியில் கடனுக்கு எழுதிக் கொடுத்து எல்லாக் காகிதமும் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. பிளான், எஸ்டிமேட்டுக்கான பன்னிரண்டாயிரம் ரூபாயைப் பதிவு செய்த நிறுவனத்துக்குக் கட்டிய ரசீது வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் வேண்டும். அதைத் தாண்டினால் இந்த வருடக் கடன் கிடையாது, அடுத்த வருடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என்னையும் உட்கார வைத்துத்தான் மேனேஜர் சொன்னார்: "ஆத்மி கா நாம் நஹீ சலேகா, ஃபர்ம் கா பில் லாவோ." ஆள் பெயர் செல்லாது, நிறுவனத்தின் பில்லைக் கொண்டு வா என்று, தாங்கள் அக்டோபரில் சொன்னதே அப்படியே ஹிந்தியில் வந்தது. எனக்குப் புல்லரித்தது.

பழனியாண்டி முடியாது என்றுவிட்டார். ஐயா கையில் கொடுப்பேன், கம்பெனிக்கு ஒரு பைசா கொடுக்க மாட்டேன் என்கிறார். சித்ரா வாரம் முழுக்கக் கெஞ்சியிருக்கிறாள். நான் இரண்டு தடவை பஸ் பிடித்து வண்டூர் போனேன். "ஐயா, கம்பெனிய நீங்க இப்பத்தான் பாக்குறீங்க. நாங்க பொறந்ததே கம்பெனியிலதான்" என்றார். "எங்க அப்பன் கொழுந்து பறிச்சாரு. நிறுக்கயில ரெண்டு ராத்தல் கொறஞ்சா அரைப்பேருதான் போடுவான். முழு நாளு வெயில்ல நின்னவனுக்கு அரைநாக் கூலி. ஒங்களுக்கு முழுப்பேரு போடுறாங்களா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க." நான் நெஞ்சை மட்டும் தொட்டேன். "என் எடத்துல டேப்ப புடிச்சு அளந்தது இந்தக் கையி. அட்டக்கடியோட நின்னது இந்தக் காலு. அந்த வைஜெயந்தியம்மா எந்த அட்டக்கடி பட்டாங்க?"  இந்த அட்டைக்கடியைத் தங்கள் விதிமுறைகளில் தேடிப் பார்த்தேன், மாப்பிள்ளை. இல்லை.

மார்ச் முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு அப்பாவும் மகளும் வந்து இறங்கினார்கள். அவர் கையில் ஒரு வாழைத்தாரும் மஞ்சள் பையில் பன்னிரண்டாயிரமும். சித்ராவின் முகம் அழுது வீங்கியிருந்தது. நாளை மூன்று மணிக்கு மேல் ரசீது இருந்தும் பயனில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பழனியாண்டி உட்காரவில்லை. "ஐயா, நானு ராவெல்லாம் ரோசன பண்ணேன். பொண்ணுக்காகக் குடுத்துர்றேன். ஆனா மொதலாளிய நேர்ல பாத்து நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் குடுப்பேன். எங்க இருக்காங்க? போனப் போடுங்க. மெயின்லேண்டுன்னாலும் பரவால்ல" என்றார். சித்ரா, "அப்பா, சண்ட போட வந்தீங்களா, காசு கட்ட வந்தீங்களா?" என்றாள். "ரெண்டும்" என்றார்.

நான் இல்லாத போனைத் தேடுகிறவன்போல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருக்கும்போது உங்கள் அத்தை சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லைங்கம்மா, நீங்க உள்ள போங்க. இது கம்பெனி விவகாரம். ஐயாவோட மொதலாளிகிட்ட பேசணும்."

"பேசுங்க."

"மொதலாளிகிட்டங்கம்மா."

"அதான், பேசுங்க."

பழனியாண்டி என்னைப் பார்த்தார். நான் வாழைத்தாரைப் பார்த்தேன். எத்தனை சீப்பு என்று எண்ணினேன், ஒன்பது. சித்ராவுக்குத்தான் முதலில் விளங்கியது. போர்டின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் போய்ப் படித்துவிட்டு, "உரிமையாளர், கு. மரகதம்" என்று உரக்கச் சொன்னாள். நான் ஆறு மாதமாகப் பூத்தொட்டியை வைத்து மறைத்திருந்த வரி அது. அந்த நேரம் பார்த்து, காலையில் போன கரண்ட் வந்தது. அத்தை பேச்சை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துத் தட்டினாள். உள்ளிருந்து, "ஏக் ருபயா ப்ராப்த் ஹுவா."

"உள்ள யாரு, இன்னொரு மொதலாளியா?" என்று பழனியாண்டி பயந்துபோய்க் கேட்டார்.

அப்புறம் அவர் வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தார். நான் அறுபது வயது மனிதர் ஒருவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தண்ணீர் கொண்டு வந்துவிட்டார். "வீட்டுக்காரம்மாவா! இத மொதல்லயே சொல்றதில்லீங்களா ஐயா? வைஜெயந்தி யாரு அப்ப?" பேபி என்றேன். "நம்ம பேபியா! அந்தப் புள்ளயயா நானு ஒரு மாசமா திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தோட்டத்து முறைப்படி உங்கள் அத்தைமுன் நின்று, தான் கொண்டுவந்திருந்த நாலு கேள்வியில் ஒன்றை மட்டும் கேட்டார். "ஐயாவுக்கு முழுப்பேரு போடுறீங்களாம்மா?"

அரைப்பேர் முழுப்பேர் என்றால் என்னவென்று அத்தைக்குச் சித்ரா சொல்ல வேண்டியிருந்தது. அத்தை யோசித்தாள். "ஒரு மணிக்குச் சாப்பிட வந்தா முழுப்பேரு. டீக்கடையில உக்காந்துட்டு மூணு மணிக்கு வந்தா அரைப்பேரு" என்றாள். "நாயமான மொதலாளி" என்று சொல்லி அவர் மஞ்சள் பையை மகளிடம் கொடுத்தார். சித்ரா தன் போனில் ஸ்கேன் செய்தாள். "பாரஹ் ஹஸார் ருபயே ப்ராப்த் ஹுவே" என்று பெட்டி முதன்முதலாக உண்மையான ஒரு தொகையைச் சொன்னது. அத்தை ரசீதுப் புத்தகத்தில் முதல் தாளைக் கிழித்தாள். ஆறு மாதம் சும்மா இருந்ததில் அது ஈரத்துக்கு ஒட்டிப்போயிருந்தது. அன்றே வங்கியில் கொடுத்தார்கள். போன வாரம் சித்ராவுக்குக் கடன் வந்துவிட்டது. மழை பிடிப்பதற்குள் அஸ்திவாரத்தை முடித்துவிடுவாள்.

செய்தி மாலை வண்டூர் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டது. மறுநாள் ஒச்சம்மா அரைக் கிலோவுக்கு அரைக் கிலோவே நிறுத்தாள். "அக்காதான் கம்பெனின்னா அக்காகிட்டயே குடுத்துர்றோம்" என்கிறார்கள் எல்லோரும். எட்டு வருடம் என் வீட்டில் உட்கார்ந்து அவள் போட்ட காபியைக் குடித்தவர்கள். அவளிடம் பாக்கி வைக்க யாருக்கும் முகமில்லை. பத்து நாளில் கணக்கில் ஐம்பதாயிரம் ஏறியிருப்பதை இதற்குள் பார்த்திருப்பீர்கள். எனக்கு மாதம் ஆறாயிரம் சம்பளம். டீக்கு வவுச்சர். நான் வரைகிறேன், அவள் கேட்கிறாள், அவர்கள் கொடுக்கிறார்கள். எவ்வளவு சார் என்று யாராவது கேட்டால் சமையலறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன சௌகரியம் வேண்டும்? தாங்கள் அக்டோபரில் சொன்னது ஒவ்வொன்றும் சரி, மாப்பிள்ளை. கேட்கத் தெரியாதவனுக்கு நிறுவனம் ஒரு நல்ல சுவர். அதன் பின்னால் நான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். குழாயில் இருக்கும் இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு. அதை எப்படிக் கணக்கில் கொண்டு வருவது என்று தாங்கள்தான் வழி சொல்ல வேண்டும்; அத்தைக்குத் தெரியாமல் சொன்னால் உத்தமம். இனிமேல் வாடிக்கையாளரிடம் ஒரு பைசாவோ ஒரு மீனோ தனிப்பட்ட முறையில் கை நீட்டி வாங்குவதில்லை என்று இந்தக் கடிதத்தின் மூலம் உறுதி அளிக்கிறேன். தாங்கள் கேட்டிருந்த மாடி வீட்டுப் பிளானும் தயார். நமக்குள் அதற்கென்ன கணக்கு. மே மாதம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

வைஜெயந்திக்கு என் ஆசி. ஊரார் திட்டியதை அவளிடம் சொல்ல வேண்டாம். மீனாவுக்கு முத்தம், பல்லைத் தவிர்த்து.

தங்கள் உண்மையுள்ள மாமனார்,
சோ. குழந்தைவேலு.

பி.கு.: கவரில் போடும் நேரத்தில் கொல்லைப்புறத்தில் யாரோ கூப்பிட்டார்கள். மாயாபந்தர் முத்துவீரன். அக்காதான் கம்பெனி என்று கேள்விப்பட்டுத்தான் வந்தாராம். "மெயின்லேண்ட்காரின்னாக்கூடப் பரவாயில்லண்ணே, மாசம் ஒருநாள் போன்ல திட்டுவா. நீங்க பொண்டாட்டிகிட்டயே சம்பளம் வாங்கி, அவகூடவே இருக்கணுமே" என்று சொல்லி, போன தடவையைவிட அதிகமாகக் கண் கலங்கி, ஆயிரம் ரூபாயும் ஒரு முழு சுர்மையும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மனதை நோகடிக்க முடியவில்லை. மீனைத் தெலுங்குக்காரர் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். மேலே அளித்த உறுதியை நாளையிலிருந்து என்று திருத்திப் படிக்கவும். பதிலைப் போனில் போட வேண்டாம்.

மீண்டும் பி.கு.: மாப்பிள்ளைக்கு மரகதம் எழுதுவது. தபாலுக்கு நாற்பத்தேழு ரூபாய் கேட்டார். வவுச்சரில் என்ன காரணம் எழுதுவது என்று பார்க்கத்தான் கவரைப் பிரித்தேன். குழாயில் இருப்பது இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு இல்லை, இன்றைய ஆயிரத்தைச் சேர்க்காமலே இருபத்தாறாயிரம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவரே பென்சிலில் எழுதி உள்ளே வைத்திருக்கிறார், கூட்டியதில்தான் தப்பு. நீங்கள் வழி சொல்ல வேண்டாம், அந்தச் சீட்டை வைத்து ஒவ்வொருவருக்கும் பில் எழுதிவிட்டேன், திங்கட்கிழமை பாங்கில் கட்டுகிறேன். மெயின்லேண்ட் பணக்காரி அவரை எடுத்துக்கொண்டாள் என்று ஒச்சம்மாவிடம் சொன்னது நான்தான். எட்டு வருஷம் அவர் கேட்கவும் இல்லை, அவர்கள் கொடுக்கவும் இல்லை. நான் கேட்டால் சண்டையாகும். பாவம் என்று நினைத்தால் கொடுப்பார்கள் என்று தோன்றியது. சித்ரா விஷயம் வராமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சை இன்னும் ஆறு மாதம் விட்டு வைத்திருப்பேன். பாக்கிக்காரர்கள் இன்னும் முப்பது பேர் இருக்கிறார்கள். போன வாரம் முத்துவீரனிடம், மாமாவுக்குச் சம்பளம் பத்தவில்லை, ராத்திரியெல்லாம் புலம்புகிறார் என்று போனில் சொல்லி வைத்தேன். நல்ல மனுஷர், சுர்மை இரண்டு கிலோ இருக்கிறது. தெலுங்குக்காரர் வீட்டிலிருந்து வாங்கிக் குழம்பு வைத்துவிட்டேன். எப்படி வந்தது என்று தெரியாமல் மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு மணிக்கே வந்துவிட்டார், முழுப்பேர்தான். உங்கள் மாடி வீட்டுப் பிளானுக்குப் பில் இத்துடன் இருக்கிறது. ஸ்கேன் அட்டையையும் படம் எடுத்து அனுப்புகிறேன். பணத்தைக் கம்பெனிக்கே போடுங்கள், மாமா கையில் கொடுக்க வேண்டாம்.